மூன்று சுழி மயில்கழுத்து

டீல் என்பது ஒரு வாத்தின் பெயர். தமிழில் அதைக் கிளுவை என்பார்கள். ஆண் கிளுவையின் தலையில், கண்ணிலிருந்து பிடரி வரை, பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு பட்டை ஓடும். ஆங்கிலம் அந்தப் பட்டையின் நிறத்துக்கு வாத்தின் பெயரையே வைத்துவிட்டது. நிறத்தின் பெயராக இது பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் டீல் என்றால் பறக்கும், நீந்தும், சமைத்தால் சாப்பிடலாம். அவ்வளவுதான்.

நான் வாங்கிய டீல் நிற இங்க்கில் வாத்து இல்லை. ஜப்பானின் பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய இரோஷிஸுகு வரிசையில் ஒன்று அது. 'இரோ' என்றால் நிறம், 'ஷிஸுகு' என்றால் துளி. 15 மில்லி கொள்ளும் குட்டிப் புட்டி. பெயர் 'குஜாக்கு'. அட்டைப்பெட்டியில் அதைக் காஞ்சி எழுத்துகளிலும் போட்டிருந்தார்கள். ஆபீஸில் பக்கத்து மேசைச் சீன நண்பருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனாலும் பெட்டியைப் பார்த்தவுடன் வாசித்துவிட்டார். "இது மயில்" என்றார். அந்த இரண்டு எழுத்துகள் சீனத்திலும் மயில்தான், உச்சரிப்பு மட்டும் வேறு.

அன்று மதியம் வேலையில்லாத பத்து நிமிடத்தில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. தாளில் ஒரு கோடு இழுத்து, இது என்ன நிறம் என்று கேட்டேன். மலாய் நண்பர் "ஹிஜாவ்" என்றார், பச்சை. இன்னொருவர் "பிரு" என்றார், நீலம். சீன நண்பர் சண்டையிலேயே சேரவில்லை. அவர் மொழியில் 'சிங்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறதாம், நீலம் பச்சை இரண்டையும் அது தாங்கிக்கொள்ளும், சில இடங்களில் கறுப்பைக்கூட. ஜப்பானியர்கள் அதே எழுத்தை 'ஆவோ' என்று வாசிக்கிறார்கள். அங்கே சாலை விளக்கின் பச்சைக்கு இன்றும் 'ஆவோ' என்றுதான் பெயர். பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் மொழிகளின் அடிப்படை நிறச்சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதற்குப் பிறகு மொழியியலாளர்கள் நீலத்தையும் பச்சையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கணினிக்கு இந்தச் சண்டையே கிடையாது. இணையப் பக்கங்களின் 16 அடிப்படை நிறங்களில் டீலும் ஒன்று: சிவப்பு 0, பச்சை 128, நீலம் 128. சரிபாதி.

என் பங்குக்குத் தமிழ்ச் சொல் கேட்டார்கள். "நீலப்பச்சை" என்றேன். சொன்னபோதே அது சொல் மாதிரி இல்லை, சமரச ஒப்பந்தம் மாதிரி இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் அதே தாளைக் காட்டினேன். கண்ணாடிகூடப் போடவில்லை.

"மயில்கழுத்து கலர்லா இது."

அவ்வளவுதான். அரை விநாடி. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்தின வாரம் புடவைக் கடைக்குள் நின்றவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. "மயில்கழுத்துல அரக்கு பார்டர் இருக்கா?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். வாசகர்களுக்கு ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் இருக்கும் கதையின் பெயராகத் தெரியும். நானும் அப்படித்தான் அறிந்திருந்தேன், புத்தகத்தின் உள்ளே. ஆபீஸில் கேட்டபோது வாய்க்கு வரவில்லை. அம்மாவுக்கு அது இருக்கும் இடம் வேறு: அலமாரியில் இரண்டாவது தட்டு.

சொல்லை வாங்கிக்கொண்டு அது சரியான சொல்தானா என்று யோசித்துப் பார்த்தேன். வேலைப் பழக்கம், எதையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும்.

மயில்கழுத்துப் பட்டில் பெரும்பாலும் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் நூல் நூலாகக் குறுக்கே ஓடுகின்றன. துணி மடியும்போது ஒரு பக்கம் நீலம் தூக்கும், மறுபக்கம் பச்சை. என் இங்க்கில் நூல் இல்லை. தண்ணீரில் கரைந்த சாயம், வெள்ளை ஒளியிலிருந்து சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நிஜ மயிலின் கழுத்தில் இந்த இரண்டுமே இல்லை. அங்கே நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. இறகிழைக்குள் மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி நுண்ணிய கம்பிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. அடுக்கின் இடைவெளிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. 2003இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுப்படி, நீல இழையில் அந்த இடைவெளி சுமார் 140 நானோமீட்டர், பச்சை இழையில் சுமார் 150. பத்து நானோமீட்டர் தள்ளினால் நீலம் பச்சையாகிவிடும். ஆபீஸில் நாங்கள் போட்ட சண்டை, மயிலைப் பொறுத்தவரை, பத்து நானோமீட்டர் சண்டை.

ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலில் மயிலிறகையும் வாத்து இறகையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். தண்ணீர் பட்டால் அந்த நிறங்கள் மறைவதையும் குறித்திருக்கிறார். ஆங்கிலம் வாத்தைப் பிடித்தது, ஜப்பானியரும் நாமும் மயிலைப் பிடித்தோம். ஹூக் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தார்.

நம் மயில் எங்கிருந்து வந்தது என்பதும் யோசிக்க வேண்டியதுதான். தீபகற்ப மலேசியக் காடுகளில் இருந்த பச்சை மயில் அழிந்துபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதுவும் தமிழ்நாட்டு நீல மயிலும் ஒன்றல்ல, அதன் கழுத்து பச்சையாகத்தான் இருக்கும். இங்கே பிறந்த நான் நீல மயிலின் கழுத்தை முதலில் பார்த்தது பத்துமலையில், தைப்பூசத்தன்று, ஒரு காவடியின் உச்சியில் ஆடிய இறகுகளில். அதற்குப் பிறகுதான் பறவைப் பூங்காவில். நாட்டில் இல்லாத பறவையின் கழுத்தை நாங்கள் புடவையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம்.

இனி எழுதிப் பார்த்த கதை.

புதிய இங்க் வாங்கியவர்கள் ஆங்கிலத்தில் சோதிக்கும்போது, 26 எழுத்தும் வருகிற மாதிரி ஒரு நரியையும் நாயையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுவார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. 247 எழுத்தையும் ஒரு வாக்கியத்தில் அடைத்தால் அது வாக்கியம் இல்லை, லாரி. நான் வேறு வழி எடுத்தேன். இங்க்கையும் நிப்பையும் தமிழ் எங்கே சோதிக்கும் என்று பார்த்தேன். பதில் சுழியில் இருந்தது. ண, ன, இ, ஐ, ஞ, ஷ. அதிலும் மூன்று சுழி ண. இந்த மொழியில் எழுத்துக்குப் பெயர் வைக்கும்போதே சுழியை எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். சோதனை வாக்கியம் நானே கட்டினேன்: 'அண்ணன் வண்ணக் கிண்ணங்களை எண்ணினான்.' இலக்கியமில்லை. ஆனால் ஒரு வரிக்குள் எட்டு மூன்று சுழியும் மூன்று இரண்டு சுழியும் வந்துவிடும்.

முதலில் ஒரு நண்பரிடம் வாங்கிய லாமி சஃபாரி, பிராட் நிப். தாள், ஆபீஸில் பிரிண்டருக்குப் போடும் 80 கிராம் ஏ4. எழுதி முடித்துப் பார்த்தால் அண்ணன் இல்லை, ஒரு கூட்டம் மூட்டைப்பூச்சி. இங்க் தாளின் நார் வழியே பரவிவிட்டது. மூன்று சுழியில் நடுச்சுழி அடைத்துக்கொண்டது. 'பணி' என்று தனியாக எழுதிப் பார்த்தேன். யாரிடம் காட்டினாலும் 'பனி' என்றுதான் வாசிப்பார்கள். கோலாலம்பூரில் பனி.

பிறகு பைலட் காகுனோ, மீடியம் நிப். 2013இல் பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட பேனா, நிப்பில் ஒரு சிரிக்கும் முகம் பொறித்திருக்கும். ஜப்பானிய நிப்கள் பொதுவாக ஐரோப்பிய நிப்களைவிட ஒரு படி மெல்லியவை. கோடுகள் நெருக்கமான காஞ்சி எழுத்துக்கு அது தேவை. நம் ணகரத்துக்கும் அதே தேவைதான். தாளையும் மாற்றினேன், இங்க்கை உடனே உறிஞ்சாத வழுவழுப்பான ஜப்பானிய நோட்டு. இப்போது மூன்று சுழியும் மூன்று கண் மாதிரி திறந்துகொண்டன.

அப்போதுதான் நிறத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். வேகமாகப் போன கோட்டில் இங்க் வெளிறி, கடல் ஆழமில்லாத இடத்து நிறம். கை நின்ற இடத்தில், திரும்பிய இடத்தில், கரும்பச்சை. மிகவும் தேங்கிய புள்ளியைச் சாய்த்துப் பிடித்தால் லேசாகச் சிவப்பு மினுக்கம். சிவப்பை அதிகமாக விழுங்கும் சாயம் தடிமனாகக் காய்ந்தால் மேற்பரப்பில் சிவப்பையே திருப்பி அடிக்கும். ஒரே எழுத்துக்குள் மூன்று நிறம். பேனா உலகத்தில் இந்த வெளிறல், அடர்த்தி வித்தியாசத்தை ஷேடிங் என்பார்கள். ஷேடிங் உள்ள இங்க்கில் எழுதினால் எழுத்தோடு கை போன பாதையும் பதிந்துவிடுகிறது. எங்கே தொடங்கியது, எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்று தாளைப் பார்த்தே சொல்லலாம். பால்பாய்ண்ட்டில் இது இல்லை. போனில் கேட்கவே வேண்டாம்.

'மை' என்ற சொல்லே கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. தமிழில் மை என்றால் எழுதும் திரவம் மட்டுமில்லை. கண்ணுக்கு இடுவதும் மை, கருமையும் மை, இருளுக்கும் மையைத்தான் கூப்பிடுகிறோம். சொல்லுக்குள்ளேயே கறுப்பு ஊறியிருக்கிறது. ஆகவே 'மயில்கழுத்து மை' என்பது கிட்டத்தட்ட 'மயில்கழுத்துக் கறுப்பு'. ஓலைக்காலத்தில் மை எழுத்துக்கு முன்னால் வரவில்லை, பின்னால்தான் வந்தது. எழுத்தாணியால் கீறிவிட்டு, கீறல் தெரிவதற்காகக் கரியைத் தடவித் துடைப்பார்கள். கீறல்தான் எழுத்து, மை அதை வாசிக்கக் கொடுக்கும் உதவி. ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்கவில்லை. வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. நம்மிடம் அந்த நம்பிக்கை இல்லை. நோட்டில் நான் ஒவ்வொரு புள்ளியும் வைத்தேன். மயில்கழுத்தில் அந்தப் புள்ளிகள்தான் ரொம்பக் கறுப்பாக இருந்தன, பேனா அங்கேதான் நின்று எடுக்கிறது.

நான்கு பக்கம் எழுதிய பிறகு கை வலித்தது. தமிழில் கடைசியாக நான் இப்படித் தொடர்ந்து எழுதியது எஸ்பிஎம் தமிழ்த் தாளில். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் மலாயும். வேலையிடத்தில் லாக்புக் ஆங்கிலம், கடிதம் மலாய். தமிழ் வாசிப்பது நிற்கவில்லை, தட்டச்சு செய்வதும் நிற்கவில்லை. ஆனால் அது பெருவிரல் தமிழ். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், கீபோர்ட் மூன்று சொற்களை நீட்டும், ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகலாம். எந்தச் சுழி என்ற கேள்வியை அதுவே முடித்துவிடுகிறது. என் வயது நண்பர்களில் பாதிப்பேர் அதுவரைக்கும்கூடப் போவதில்லை, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுகிறார்கள். அதில் பணியும் பனியும் ஒன்றுதான். பிராட் நிப்பும் 80 கிராம் தாளும் சேர்ந்து செய்த வேலையை அது இன்னும் சுத்தமாகச் செய்கிறது.

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. எழுத்து இல்லாமலும் பேச்சு ஓடும். என்னைத் தைத்தது வேறு. இந்த இங்க்கை எங்கே பயன்படுத்துவது என்று யோசித்தேன். வங்கிப் பாரமா, முடியாது, கறுப்பு அல்லது நீலம் என்று போட்டிருக்கும். ஆபீஸ் லாக்புக்கும் அப்படியே. வரைபடத்தில் கையெழுத்தும் அப்படியே. நீலம்தானே என்று வாதாடிப் பார்க்கலாம், அதற்கு அந்த மதிய வாக்குவாதத்தை மறுபடி தொடங்க வேண்டும். பட்டியல் போட்டுப் பார்த்தால், இந்த நிறத்தை ஏற்காத தாள்கள் எவையோ அவைதான் என் நாளில் தமிழை ஏற்காத தாள்களும். இரண்டுக்கும் மிஞ்சுவது ஒரே இடம்: யாரும் கேட்காத, யாரும் கையெழுத்துப் போடாத, கோப்பில் சேராத தாள். அந்த இடம் சின்னது என்று வருத்தப்படவும் செய்யலாம். எனக்கு அன்று வருத்தமும் இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும். அங்கே யாரும் நிறத்தைத் திருத்தப்போவதில்லை.

அந்தத் தாளில் முதலில் உருப்படியாக எழுதியது நான் இல்லை, அம்மா. சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். நிப்பைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"அந்தச் சிரிக்கிற மூஞ்சி உங்களைப் பாக்கணும்மா."

"அது வேறயா" என்று திருப்பிக்கொண்டு என் விலையுயர்ந்த நோட்டிலேயே எழுத ஆரம்பித்தார். வெங்காயம், தக்காளி, ஈக்கான் பிலிஸ், கருவேப்பிலை, வாழை இலை. ஐந்து வரி. எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நோட்டை மூடப்போனவன் நின்றேன். கருவேப்பிலையின் லை, நான் எழுதும் லை இல்லை. லகரத்துக்கு முன்னால் இரட்டைச் சுழி வைக்கவில்லை. லகரத்தின் தலையில் யானை தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழும்பி நின்றது. பழைய எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, பிறகு அது நம் பள்ளிகளுக்கும் வந்தது. அம்மா தமிழ்ப்பள்ளியில் எழுதப் பழகியது அதற்கு முன்னால். அச்சு மாறியது, பாடநூல் மாறியது, நான் படித்தது புதிய லை. அம்மாவின் கை மட்டும் மாறவே இல்லை. இத்தனை வருடம் பால்பாய்ண்ட்டில் எழுதிய பட்டியல்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன், கருவேப்பிலை வாங்கி வந்திருக்கிறேன். அந்தத் தும்பிக்கை என் கண்ணில் பொருளாக மட்டும் பட்டிருக்கிறது, கோடாகப் படவில்லை.

இந்த இங்க்கில் அது கோடாகத் தெரிந்தது. அம்மா லகரத்தை வெளிறலாக, வேகமாக இழுத்திருக்கிறார். தும்பிக்கை எழும்பும் இடத்தில் கை மெதுவாகி, உச்சியில் திரும்பி, இறங்கும் முனையில் நின்றிருக்கிறது. அங்கே ஒரு துளி கரும்பச்சை. 'இலை'யிலும் அதே மாதிரி, 'வாழை'யில் இல்லை. ழகரத்துக்கு அந்தப் பழைய வடிவம் கிடையாது, ண, ல, ள, ன இந்த நான்குக்குத்தான் இருந்தது. ஒரே வரியில் 'வாழை' எனக்குத் தெரிந்த தமிழிலும் 'இலை' அம்மாவின் தமிழிலும் இருந்தது.

அதைப் போனில் எழுத முடியுமா என்று பார்த்தேன். யூனிகோடில் பழைய லைக்கென்று தனி எண் இல்லை. லகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, இரண்டையும் சேர்த்து எப்படி வரைவது என்பது எழுத்துருவின் விருப்பம். இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவத்தைத்தான் வரையும். அதில் தவறில்லை, குறியீடு ஒன்றாக இருப்பதால்தான் பழைய நூலும் புதிய நூலும் ஒரே தேடலில் கிடைக்கின்றன. ஆனால் அம்மாவின் லை இப்போது இருக்கும் இடம் அவர் கைதான்.

அன்றிரவு வழக்கமான நீர்ச் சோதனையைச் செய்யவில்லை. இது சாய இங்க், தண்ணீர் பட்டால் கலங்கும், வெயிலில் கிடந்தால் வெளிறும். பொதுவாக எழுதிய பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். என் அண்ணன் வாக்கியத்தில் விட்டுப் பார்த்தேன், கிண்ணங்கள் கரைந்து ஒரு மெல்லிய கோடு மிஞ்சியது. அம்மாவின் பக்கத்தை அப்படியே மூடி, நோட்டை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தேன்.

கணக்கு இதுதான். பேனாவின் கன்வெர்ட்டர் ஒரு தடவைக்கு 0.4 மில்லி கொள்ளும். 15 மில்லிப் புட்டியில் முப்பத்தேழு தடவை நிரப்பலாம். ஒன்று முடிந்தது. வாரம் ஒரு பட்டியல் எழுதச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே, எதற்கு என்றார். லை பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப விளக்கெண்ணெய், வெண்ணெய், பனை ஓலை எல்லாம் சேத்து எழுதறேன்" என்றார். பனை ஓலையைக் கிள்ளானில் எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லில், ஒரு னையும் ஒரு லையும், இரண்டு தும்பிக்கை இருக்கிறது.